பழங்குடிகளுக்கு அப்பால் தனியார் கேசினோக்களையும் மினசோட்டா அனுமதிக்கலாமா?

வடகரைவாசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இரட்டை நகரங்களுக்கு (மினியாபொலிஸ், செயின்ட் பால்) தெற்கே நாங்கள் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அண்மையில் நூலக அரங்கில் மக்களைச் சந்தித்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "கேசினோ நடத்தும் உரிமை பதினோரு பழங்குடிகளுக்கு மட்டும் ஏன்? தனியார் நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்து வரி வாங்கினால் பள்ளிகளுக்கு ஆகுமே" என்று கேட்டார். அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உறுப்பினர் பிடிகொடுக்காமல் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பிய பிறகுதான், எதற்குக் கைதட்டினோம் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது என்று உறைத்தது. அதன்பின் உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டது இது: ஏழு ஒஜிப்வே பழங்குடிகளும் நான்கு டகோட்டா சமூகங்களும் 1989-க்கும் 1991-க்கும் இடையில் மாநிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பேரில்தான் இங்கே ஸ்லாட் எனும் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களும் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசைகளும் இயங்குகின்றன. அந்த ஒப்பந்தங்களுக்கு முடிவு நாள் கிடையாது. மேற்பார்வைச் செலவுக்கான ஒரு சிறு தொகையைத் தவிர வருவாயில் மாநிலத்துக்குப் பங்கும் கிடையாது. கனெடிகட்டில் ஃபாக்ஸ்வுட்ஸ், மொஹீகன் சன் ஆகிய இரு பழங்குடிக் கேசினோக்களும் ஸ்லாட் வருவாயில் 25 விழுக்காட்டை மாநிலத்துக்குச் செலுத்துவதைப் பார்க்கும்போது, மினசோட்டா அன்றைக்கு ஏமாந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

ஷாகோபியில் கேன்டர்பரி பார்க் என்ற குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே சட்டப்படி சீட்டாட்ட மேசைகளும் உண்டு. அங்கிருந்து சில மைல் தொலைவில் பழங்குடி நடத்தும் மிஸ்டிக் லேக் கேசினோ. இங்கே ஸ்லாட் கூடாது, அங்கே கூடும் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? சூதாட்டம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை; அது ஏற்கெனவே நம் நடுவில் இருக்கிறது. இருப்பதைத் தனியாருக்கும் திறந்துவிடலாமா என்பதே என் கேள்வி. சட்டம் அறிந்தவர்களும், கேசினோ உள்ள ஊர்களில் வாழ்ந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தென்றல்வாணன் எழுதியது:

வணக்கம். அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டவர், மாநிலம் பழங்குடிகளுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது என்ற எண்ணத்தில் கேட்டிருக்கிறார். அந்த எண்ணத்தைச் சரிசெய்துகொள்ளாமல் மேலே போனால் எந்தப் பக்கம் வாதாடினாலும் தடம் மாறிவிடும்.

கலிஃபோர்னியாவில் கபஸான் என்ற சிறிய பழங்குடி தன் நிலத்தில் பிங்கோவும் போக்கரும் நடத்தியது. மாநிலமும் கவுன்டி எனும் மாவட்ட நிர்வாகமும் அதைத் தடுக்க முயன்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-இல் தீர்ப்பானது: ஒரு மாநிலம் ஒரு விளையாட்டை முற்றிலும் குற்றமாக்காமல், விதிகளுக்கு உட்பட்டு நடக்கவிடுகிறது என்றால், அந்த விதிகளைப் பழங்குடி நிலத்தின் மீது அதனால் திணிக்க முடியாது. அதாவது, உரிமை பழங்குடிகளிடம் முன்பே இருந்தது. நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது, அவ்வளவே. அதற்கு அடுத்த ஆண்டு, 1988-இல், அமெரிக்க நாடாளுமன்றம் இந்தியன் கேமிங் (அதாவது பழங்குடிச் சூதாட்ட) ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியபோது, ஸ்லாட் இயந்திரம் போன்றவற்றுக்கு மாநிலத்தோடு ஒப்பந்தம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பலர் இந்தச் சட்டத்தைப் பழங்குடிகளுக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்கிறார்கள். உண்மையில், அதுவரை மாநிலங்களுக்கு இல்லாதிருந்த ஒரு நாற்காலியைப் பேச்சுவார்த்தை மேசையருகே போட்டுக்கொடுத்த சட்டம் அது.

அதே சட்டம் வேறு இரண்டு கட்டளைகளையும் இட்டது. கேசினோவின் முழு உடைமையும் பழங்குடியிடமே இருக்க வேண்டும். நிகர வருவாயைப் பழங்குடி அரசின் நிர்வாகம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, அறக்கொடை, அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்கான உதவி ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும். உறுப்பினர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணமாகப் பிரித்துக்கொடுப்பதென்றால், அதற்கு ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்ற திட்டம் வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒன்றிய வருமான வரியும் உண்டு. இப்படிக் கையைக் கட்டி வைத்த தனியார் நிறுவனம் எங்காவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கனெடிகட் விஷயத்துக்கு வருகிறேன். பழங்குடிக் கேசினோ மீது மாநிலம் வரி போடச் சட்டம் இடம் தரவில்லை. வருவாயில் பங்கு வாங்க வேண்டுமானால், பதிலுக்கு மதிப்புள்ள ஒன்றை மாநிலம் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் கலிஃபோர்னியாவுக்கு எதிராக இதை அழுத்தமாகவே சொன்னது. கனெடிகட் கொடுத்தது ஏகபோகம். மாநிலத்தில் வேறு எவருக்கும் ஸ்லாட் இயந்திரம் இல்லை என்ற உறுதிக்கு விலைதான் அந்த 25 விழுக்காடு. உறுதி போனால் பணமும் போகும். மிச்சிகனில் அதுதான் நடந்தது. 1993-இல் ஏழு பழங்குடிகள் இதே வகை உறுதியை நம்பி ஸ்லாட் வருவாயில் 8 விழுக்காட்டை மாநிலத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. 1996-இல் டெட்ராய்ட் நகரில் மூன்று தனியார் கேசினோக்களுக்கு வாக்காளர்கள் அனுமதி கொடுத்தார்கள். ஏகபோகம் போனதும் அந்தப் பங்கும் நின்றுபோயிற்று.

மினசோட்டா எதையும் வாங்கவில்லை, எதையும் வாக்குறுதியாகக் கொடுக்கவும் இல்லை. ஆகவே ஏமாந்தது என்று சொல்வது அவ்வளவு பொருந்தாது. நாளைக்கே சட்டமன்றம் தனியார் கேசினோ ஒன்றை அனுமதித்தாலும் அந்தப் பதினோரு பழங்குடிகளின் ஒப்பந்தங்கள் அப்படியே நிற்கும். மிச்சிகன் இழந்ததைப் போல இழக்க மாநிலத்துக்கு ஒன்றுமில்லை. இந்த ஒப்பந்தங்கள் குறுக்கே நிற்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் நான் அதை ஆதரிக்க மாட்டேன். ஒன்றிய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் பழங்குடி நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது; வேலைவாய்ப்பு குறைந்த இடங்களில் வருமான வரி போட்டும் பயனில்லை. ஓர் அரசு தன் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் சாலை போடவும் எந்த வரியை நம்புமோ, அந்த வரியின் இடத்தில் இருப்பது அந்தக் கேசினோ. அதையும் ஒரு பங்குச்சந்தை நிறுவனத்தின் விடுதியையும் ஒரே தராசில் வைத்து, "அவர்களுக்கு உண்டு, இவர்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்பது, கவுன்டி வரி வசூலிக்கிறதே, நான் வசூலிக்கக்கூடாதா என்று ஒரு கடைக்காரர் கேட்பதைப் போன்றது.

கணக்காயர் எழுதியது:

தென்றல்வாணன் அவர்களின் சட்ட விளக்கத்தை நான் மறுக்கவில்லை. அவர் அதிலிருந்து போய்ச் சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

"பழங்குடிகள்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும்போது ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு மறைந்துபோகிறது. மிஸ்டிக் லேக்கை நடத்தும் ஷாகோபி மெடவாகன்டன் சமூகம் சில நூறு உறுப்பினர்களைக் கொண்டது. அதன் வாசலில் மாநிலத்தின் மிகப் பெரிய மக்கள்தொகை இருக்கிறது. வைட் எர்த், லீச் லேக், ரெட் லேக் ஆகியவை பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்டவை. வடக்கே, நகரங்களிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. இன்றைய ஏற்பாடு காப்பாற்றுவது வறுமையில் இருப்பவர்களை அல்ல, நல்ல இடத்தில் நிலம் அமைந்தவர்களை. 2005-இல் ஆளுநர் டிம் பாலென்டி அந்த மூன்று வட பழங்குடிகளையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு இரட்டை நகரப் பகுதியில் ஒரு கேசினோ அமைக்கலாம் என்று முன்வந்தார். அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் வடக்கே எத்தனை வீடுகள் எழுந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

2012-இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். கேன்டர்பரி பார்க் தன் மைதானத்தில் ஸ்லாட் இயந்திரங்கள் கேட்டுப் பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் போராடியது. பிறகு ஷாகோபி சமூகம் பந்தயப் பரிசுத்தொகைக்காகப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. மைதானமும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இது முறையான ஒப்பந்தம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மாநிலம் முடிவு செய்ய வேண்டிய ஒன்றை இரண்டு தரப்புகள் தமக்குள் பேசி முடித்துக்கொண்டன என்பதை மறுக்க முடியுமா?

டெட்ராய்டின் மூன்று கேசினோக்களும் நகரத்துக்குக் கட்டும் வரி, 2013-இல் அந்த நகரம் திவாலானபோதும் வற்றாமல் வந்துகொண்டிருந்தது. என் கருத்து இதுதான்: ஒரே ஓர் உரிமம், அதுவும் ஏற்கெனவே பந்தயம் நடக்கும் இடத்தில், அதன் வரியில் சட்டத்திலேயே எழுதிய ஒரு பங்கு வட பழங்குடிகளுக்கு. கணக்கு வெளிப்படையாக மாநிலத் தணிக்கைக்கு வரும்.

மருதம் எழுதியது:

கணக்காயர் ஐயாவின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வட மினசோட்டாவில் ஒரு ரிசர்வேஷனை (பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதியை) ஒட்டிய ஊரில் எட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். பழங்குடி மன்றம் நடத்தும் சிகிச்சை நிலையத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் பிரிவில் வேலை.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். சனவரியில் பாரன்ஹீட் கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே முப்பது வரை போகும் குளிரில், ஏரிக்கரையோரம் தனியாக இருக்கும் வீடுகளிலிருந்து முதியவர்களை விடியற்காலையில் ஒரு வேன் ஏற்றிக்கொண்டு வரும். ஓட்டுநர் முன்பே வந்து வீட்டுப் படியில் உறைந்த பனியை வாரிவிட்டு, உப்புத் தூவி, பிறகுதான் கதவைத் தட்டுவார். அவரே வார இறுதியில் நெடுஞ்சாலையோரக் கேசினோவில் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போடுபவர். ஒன்றிய அரசின் இந்தியன் ஹெல்த் சர்வீஸ் (பழங்குடிகளுக்கான மருத்துவத் துறை) ஒதுக்கும் பணம் ஆண்டு முடிவதற்குள்ளேயே தீர்ந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. தீர்ந்த பிறகும் அந்த வேன் ஓடியது, கேசினோப் பணத்தில். கட்டடம் பெரிதல்ல, வருவாயும் மிஸ்டிக் லேக்கோடு ஒப்பிடக்கூடியதல்ல. ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று அவர்களே அவர்கள் மன்றத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

அதனால்தான் "வரியில் ஒரு பங்கு" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஆண்டு சட்டமன்றம் எழுதும் பங்கை அடுத்த சட்டமன்றம் குறைக்கலாம், பட்ஜெட்டில் துண்டு விழும் ஆண்டில் தள்ளிவைக்கலாம். நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 1862 போருக்குப் பிறகு, 1863-இல், டகோட்டா மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளையே அமெரிக்க நாடாளுமன்றம் ரத்துசெய்து அவர்களை இந்த மாநிலத்தை விட்டே வெளியேற்றியது; வர வேண்டிய பணமும் அத்தோடு போயிற்று. அதை மறக்காத குடும்பங்களிடம் போய், "உங்கள் வருவாய்க்குப் பதிலாக எங்கள் சட்டத்தில் ஒரு வரி எழுதித் தருகிறோம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கே உள்ள சிறு கேசினோக்களின் வார இறுதி நகரத்திலிருந்து வருபவர்களை நம்பியது. மீன்பிடிக்க வருவார்கள், இரவு தங்குவார்கள், கொஞ்சம் விளையாடுவார்கள். ஷாகோபியில் மிஸ்டிக் லேக்குக்கு அருகில் இன்னொன்று வந்தால், இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு சலுகைகளை அள்ளி வீசும்; பெரியது தாக்குப்பிடிக்கும். நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வடக்கே போகக் காரணம் ஒன்று குறையும். கணக்காயர் யாருக்காக ஆதங்கப்படுகிறாரோ, முதல் அடி அவர்கள் மேல்தான் விழும் என்று அஞ்சுகிறேன்.

கேசினோவால் அங்கே கேடே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் நோயாளி ஒரு பாட்டி, சிகிச்சை முடிந்ததும் கையில் கட்டோடு நேரே ஸ்லாட் இயந்திரத்துக்குப் போவார். முதலில் இருபது டாலர் என்று இருந்தது மாதக் கடைசியில் மருந்துக்கு இல்லை என்னும் நிலைக்கு வந்தது. பழங்குடி மன்றத்தின் சமூகப் பணியாளர் அவர் பெயரை அவருடைய ஒப்புதலோடு தடைப் பட்டியலில் சேர்த்தார். வாசலில் நின்ற காவலர் அவருடைய அக்காள் பேரன். "பாட்டி, வாங்க, வீட்டில் விடுகிறேன்" என்று கைபிடித்து அழைத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கரையோர இரவுகள் எழுதியது:

நான் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு விடுதியில் இரவு நேரக் கணக்குப் பணியில் இருந்தவன். எந்த விடுதி என்பது வேண்டாம்.

நியூ ஜெர்சி வாக்காளர்கள் 1976-இல் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் கேசினோவை அனுமதித்தார்கள்; 1978-இல் முதலாவது திறந்தது. கிழக்குக் கரையில் வேறு எங்கும் இல்லாதவரை பணம் கொட்டியது. 2006-இல் பென்சில்வேனியாவிலும் ஸ்லாட் இயந்திரங்கள் வந்தன, பிறகு சுற்றிலும் ஒவ்வொன்றாக வந்தன. 2014 என்ற ஒரே ஆண்டில் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. அவற்றில் ரெவல் 240 கோடி டாலர் செலவில் கட்டி, திறந்து இரண்டரை ஆண்டுகூட ஆகாதது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. எங்கள் விடுதியில் இரவு இரண்டு மணிக்குச் சீருடையோடு வந்து, அறை வேண்டாம், கொஞ்ச நேரம் வரவேற்பறையில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்ட ஒரு மேசைப் பணியாளரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பதினேழு ஆண்டு வேலை அவருக்கு. அன்றுதான் கடைசி நாள்.

நான் சொல்ல வருவது, நிறுவனம் போய்விடும் என்பது. லாபம் குறைந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போவது அதன் இயல்பு. பங்குதாரர்களுக்கு அது செய்ய வேண்டிய கடமையும்கூட. போகும்வரை வரியைக் குறைக்கச் சொல்லி அரசின் வாசலில் நிற்கும். நியூயார்க் 2013-இல் அரசமைப்பைத் திருத்தி அனுமதித்த வடபகுதித் தனியார் கேசினோக்கள், உரிமம் கேட்டபோது காட்டிய வருவாயை எட்ட முடியாமல் திணறின. 2021-இல் ஸ்லாட் வரியைக் குறைக்க மாநிலம் வழிசெய்து கொடுத்தது. மருதம் அவர்கள் சொன்ன அந்த மக்கள் எங்கே போவார்கள்? அது அவர்கள் நிலம். இந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கணக்காயர் எழுதியது:

மருதம் அவர்களின் பதிலைப் படித்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தேன். வரியில் பங்கு என்பது வருவாய்க்கு ஈடாகாது என்பதை ஏற்கிறேன்; அதை அவ்வளவு எளிதாக எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் மாநிலத்துக்கு வருவாய் வராது என்று இங்கே ஒருவர் முடிவு கட்டிவிட்டால், அதையும் சரிபார்க்க வேண்டும். 2012-இல் வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் விளையாட்டரங்கத்துக்கான மாநிலப் பங்கைத் திரட்ட, அறக்கட்டளைகள் மதுக்கூடங்களில் நடத்தும் புல்-டேப் சீட்டை (சன்னல் போன்ற மடிப்புகளைத் திறந்து பரிசு பார்க்கும் சீட்டு) மின்னணு வடிவில் அனுமதித்தார்கள். முதல் ஆண்டில் எதிர்பார்த்ததில் மிகச் சிறு பங்கே வந்தது. மாநிலம் சிகரெட் வரியைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. பிறகு அதுவே பெருகி, 2023-இல் அரங்கக் கடனை முன்கூட்டியே தீர்க்கும் அளவுக்கு வந்தது. மதிப்பீடு இரண்டு பக்கமும் பொய்க்கும் என்பதே என் அனுபவம்.

தென்றல்வாணன் எழுதியது:

உண்மை. அதன் மறுபாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மின்னணுச் சீட்டுகள் பெருகியதற்கு ஒரு காரணம், ஒரே தொடுதலில் எல்லாச் சன்னல்களும் திறந்து ஸ்லாட் இயந்திரம் போலவே அவை மாறியது. பழங்குடிகள் அதை எதிர்த்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2023-இல் சட்டமன்றம் அந்த அம்சத்தை 2025 முதல் நிறுத்தச் சட்டம் செய்தது. வருவாய் பெருகிய வழி அது. ஒரு முறை மாநிலம் அந்தப் பணத்துக்குப் பழகிவிட்டால், அதை வளர்ப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒரே கையின் வேலையாகிவிடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இவ்வளவு அண்மையான உதாரணம் இருக்கிறது.

வடகரைவாசன் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. மருதம் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த வேனை என்னால் மறக்க முடியவில்லை.

கைதட்டியபோது நான் நினைத்தது, எங்கோ சும்மா கிடக்கும் பணத்தை மாநிலம் எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறது என்று. இப்போது தெரிகிறது, அந்தப் பணம் யாருடைய கையிலோ ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அல்லது யாருடைய வீட்டிலிருந்தோ புதிதாக வர வேண்டும். கணக்காயர் சொன்ன ஏற்றத்தாழ்வு என்னை இன்னும் உறுத்துகிறது. வடக்கே உள்ளவர்களுக்கு நியாயம் செய்ய வழி இருக்கிறதா என்பது தனியாகப் பேச வேண்டியது. அதற்குத் தனியார் உரிமம் வழியல்ல என்ற அளவுக்கு என் மனம் தெளிந்துவிட்டது.

எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கூட்டத்தில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: தனியார் கேசினோவுக்கான மசோதா எதுவும் வந்தால், வாக்கெடுப்புக்கு முன்பு அதனால் பதினோரு பழங்குடிகளில் ஒவ்வொன்றின் வருவாயும் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு அவையில் வைப்பீர்களா? அந்தப் பதினோரு மன்றங்களையும் நேரில் கேட்ட பிறகுதான் வாக்களிப்பீர்களா? அனுப்புவதற்கு முன் இங்கே பதிவிடுகிறேன். சட்டச் சொற்களில் பிழை இருந்தால் தென்றல்வாணன் அவர்கள் திருத்தித் தர வேண்டுகிறேன்.